பூஞ்சை பிடிக்காத டிஸ்க்

நீ கேட்டிருந்த டிஸ்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரத் தாமதத்துக்கு மழையையும் கூரியர்க்காரரையும் காரணம் காட்டி உனக்கு இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். மழை உண்மை. கூரியர்க்காரர் பாவம், அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பழவங்காடி முக்கில் அவர் கடை தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிடுகிறது. அதைத் தாண்டித்தான் நான் காய்கறி வாங்கப் போகிறேன். டிஸ்க்கைப் படித்துத் தருகிறேன் என்ற அந்தப் பெங்களூர் ஆளிடம் அதைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடு. இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ பாதியில் "சரி, விடுங்கோப்பா" என்பாய், நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு இப்போது தேவைப்படுவது அது ஒன்றுதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த பகுதியையும் சேர்த்து. புரட்டாசியில் அம்மாவின் வருஷாப்திகத்துக்கு வந்திருந்தபோது அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அந்த டிஸ்க்கைக் கண்டாய். நீல நிறம், உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் பத்திரமாக, மேலே காய்ந்துபோன சந்தனத்தோடு. ஜிப் டிஸ்க் என்று ஒரு பொருள் உலகத்தில் இருந்தது என்பதே உன் வயதுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. நீ என் டிடிபி கடையின் மேஜை மூலையில் பழம்பொரி தின்றுகொண்டு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன்; பார்த்ததும் தெரிந்துகொண்டாய். "அம்மா எழுதின நாவல் இதுலதானேப்பா இருக்கு?" என்றாய். "இருந்தது. பூஞ்சை பிடிச்சுடுத்து" என்றேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாய். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தோரு வருடமாக அதோடு முடிந்துகொண்டுதான் இருந்தது.

பெங்களூருக்குத் திரும்பிப் போன பத்தாம் நாள் உன் செய்தி வந்தது. பழைய டிஸ்க்குகளைப் படிக்கும் கருவியெல்லாம் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாய். பூஞ்சை ஒரு பிரச்சினையே இல்லையாம். அவர் டிஸ்க்கைப் பிரித்துத் துடைத்துப் படித்துவிடுவாராம். மேக்கில் எழுதியதை இப்போதுள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கும் மாற்றித் தருவாராம். தை மாதம் உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அம்மாவின் நாவலைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். உனக்கு வரப்போகிற பெண் அட்டைப்படமே வரைந்துவிட்டாள். தலைப்பு தெரியாததால் தலைப்புக்கு இடம் விட்டு, கீழே அம்மா பெயரை மட்டும் எழுதி, அதை எனக்கும் அனுப்பியிருந்தாள். எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தது. தொழில் புத்தி, அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன்.

பூஞ்சை என்ற என் பொய் இத்தனை வருடம் கல்லாக நின்றது. அதைப் பூஞ்சை சுத்தம் செய்யும் ஒருவர் வந்து இடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆம், பொய். அந்த டிஸ்க்கில் பூஞ்சை இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நாவலை அழித்தது நான். கைதவறி அழிக்கவும் இல்லை. நல்ல நாள் பார்த்து, குளித்துவிட்டு, விளக்கேற்றி அழித்தேன்.

உனக்கு அப்போது பத்து வயது. கடையில் ஒரு மேக் இருந்தது. இந்தத் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், பூணூல், சஷ்டியப்தபூர்த்தி, கரமனை முதல் கோட்டைக்குள் வரை எல்லாப் பத்திரிகைகளும் அதில்தான் பிறந்தன. முடிந்த வேலைகளை ஜிப் டிஸ்க்கில் ஏற்றி வைப்பேன். நாற்பது டிஸ்க். அம்மா ஐந்து மணிக்குத் தன் அரசாங்க ஆபீஸிலிருந்து நேரே கடைக்கு வருவாள். வாடிக்கைக்காரர்கள் இல்லாத நேரத்தில் அந்த மேக்கில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள். நான் ஒரு விதி போட்டிருந்தேன்: கடை மெஷினுக்குள் சொந்த விஷயம் எதுவும் இருக்கக்கூடாது, தனி டிஸ்க்கில் வைத்துக்கொள். அவள் தனி டிஸ்க் வாங்கினாள், அதன் பெட்டியில் "சொந்தம்" என்று எழுதி ஒட்டினாள், தினமும் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் அதில் சேமித்துவிட்டு மெஷினிலிருந்து துடைத்துவிடுவாள். கடையில் என் விதிகளை முழுக்கக் கடைப்பிடித்தது அவள் ஒருத்திதான். அச்செடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. பிரிண்டர் வேலைக்கு மட்டும் என்பதும் என் விதிதான்.

மூன்று வருடம் எழுதினாள். அதில் நான் படித்தது இரண்டு வாக்கியம். ஒருநாள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது திரையில் முதல் பக்கம் இருந்தது. "கல்லாற்றில் பஸ் நின்றதும் அவள் இறங்கினாள். திரும்பிப் போகும் பஸ் எப்போது என்று அவள் கேட்கவில்லை." நாம் பொன்முடிக்குப் போகும்போது மலையடிவாரத்தில் டீ குடிக்க நிற்போமே, அதே கல்லாறு. நான் சொன்னேன், "ரெண்டாவது வாக்கியம் அநாவசியம். எடுத்துடு." அவள் எடுக்கவில்லை. "கல்லாத்துல எறங்கி என்ன பண்ணுவா? ரெண்டு கடையும் தண்ணியும்தானே இருக்கு அங்கே?" என்று கேட்டேன். "அதைத்தான் எழுதிண்டிருக்கேன்" என்றாள். "கடைசில வீட்டுக்குத் திரும்பி வந்துடுவாளோல்லியோ?" "படிச்சுப் பாருங்கோளேன்." "ஆகட்டும், இந்த முகூர்த்த சீசன் முடியட்டும்" என்றேன். திருவனந்தபுரத்தில் முகூர்த்த சீசன் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னாலேயே இடியோடு மழை வந்தது. ஒரு மதியம் விழுந்த இடியில் மேக் போய்விட்டது. புது மேக் வாங்க வழியில்லை, பிசி வாங்கினேன். ஜிப் டிஸ்க் போடும் பெட்டியையும் அதற்கென்று தனியாக வாங்கினேன். மெஷினை வைத்துவிட்டுப் போக வந்த டெக்னீஷியன் என் டிஸ்க் ஒன்றை உள்ளே தள்ளிப் பார்த்தான். "சாரே, இது மேக் டிஸ்க் அல்லே? பிசி படிக்காது கேட்டோ" என்றான். மேக்குக்கு என்று தயாரித்த டிஸ்க்கை பிசி தூக்கிப் பார்த்துவிட்டு, இது காலி, இது டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். "அப்போ இதெல்லாம் வீணா?" "ஏ, இல்ல சாரே. ஃபார்மட் அடிச்சா மதி, அது போதும். அதுல உள்ளதெல்லாம் போகும், டிஸ்க் புதுசாட்டம் ஆகும்." உள்ளே இருந்தவை நடந்து முடிந்த கல்யாணங்கள். ஒரு தடவை நடந்த கல்யாணத்துக்கு யாரும் இரண்டாம் தடவை பத்திரிகை அடிக்க வருவதில்லை. வந்தாலும் மாப்பிள்ளை பெயரை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இனி சொல்வதை இந்த ஊரில் இருப்பவர்களால்தான் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். அஷ்டமி சாயங்காலம் நாற்பது டிஸ்க்கையும் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டு வந்து பூஜையில் வைத்தேன். உன் பாடப்புத்தகங்கள், என் அச்சு மாதிரிகள், சமையலறைக் கத்தி, எல்லாம் ஒரே குவியலாகப் பட்டுத்துணிக்கு அடியில். பூஜைக்கு வைத்ததைத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நீ அந்த இரண்டு நாளைக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பாய். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் படிக்கக்கூடாது என்ற விதியிலிருந்து பேப்பருக்கு விலக்கு கொடுத்திருந்தேன். அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "இதோ பாருங்கோ, என்னோட டிஸ்க்கையும் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். எடுக்கறச்சே பாத்து எடுங்கோ, கேட்டேளா?" நான் "உம்" என்றேன். கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தோம். தெருவில் குழந்தைகளை அரிசித் தாம்பாளத்தின் முன் உட்காரவைத்து முதல் எழுத்து எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள். எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை என்பதால் நானும் கடையைத் திறந்து, விளக்கேற்றி, புது பிசியின் முன் உட்கார்ந்தேன். டிஸ்க்கை உள்ளே தள்ளினால் மெஷின் மிக மரியாதையாகக் கேட்டது: இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா? அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி: சுருக்கமாகவா, முழுமையாகவா? சுருக்கமாகச் செய்தால் அரை நிமிஷம். முழுமையாகச் செய்தால் பத்து நிமிஷத்துக்கு மேல். உன் பெங்களூர் ஆளுக்கு இதன் பொருள் தெரியும். சுருக்கமாகச் செய்தால் டிஸ்க்கின் பொருளடக்கம்தான் அழியும், உள்ளே எழுதியது பெரும்பாலும் அப்படியே கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். முழுமையாகச் செய்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை துடைத்து எடுத்துவிடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சுருக்கு வழி சோம்பேறிகளுக்கு என்பது மட்டும் தெரியும். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நாற்பத்தொன்றையும் முழுமையாகச் செய்தேன். காலை எட்டரைக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை.

லேபிள்கள்மேல் அம்மா ஒவ்வொன்றாகச் சந்தனம் இட்டிருந்தாள். அவற்றின்மேல் ஒன்று, இரண்டு என்று புது எண் ஒட்டிக்கொண்டே போனேன். இதுவரை சொன்னது அசட்டை. அசட்டைக்கு மன்னிப்பு உண்டு என்று நினைத்துத்தான் இத்தனை தூரம் விவரமாக எழுதினேன். இனி வருவது அதில் சேராது. இருபத்தேழாவது டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆமாம் என்று அழுத்திவிட்டு, மேஜைமேல் கிடந்த அதன் காலிப் பெட்டியை எடுத்தேன். பெட்டியின் முதுகில் அம்மாவின் கையெழுத்தில் "சொந்தம்" என்று இருந்தது. திரையில் பார்த்தேன். பச்சைக் கோடு ஆரம்பத்தில்தான் இருந்தது, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்திலேயே நிறுத்துவதற்கான பொத்தான். நான் அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். பாதியில் நிறுத்தினால் டிஸ்க் நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். நல்ல டிஸ்க். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன். கோடு கடைசிவரை போவதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் பிழைத்தது. பிறகு இருபத்தெட்டாவதை எடுத்தேன்.

அவளிடம் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இந்த ஊரில் பூஞ்சைமேல் எந்தப் பழியையும் போடலாம். கேமரா லென்ஸ், கேசட், கல்யாண ஆல்பம், தோல் செருப்பு எல்லாவற்றையும் அது தின்றிருக்கிறது. தின்னாததையும் தின்றதாகச் சொன்னால் மறுக்க வராது. அன்றைய பேச்சு எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"பூஞ்சையா?"

"ஆமா. நம்மூர் ஈரம். என்ன பண்றது."

"மத்த நாப்பதுக்கும் பிடிக்கலையா?"

"உன்னோடது அடில இருந்தது."

"அடில இருந்தா பிடிக்குமாக்கும்."

"பிடிக்கும்."

"சரி" என்றாள். டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கி, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை, கோபப்படவில்லை. நான் இதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் மாலையில் கடைக்கு வருவதை நிறுத்தினாள். "உங்கம்மா ஏன் கடைக்கு வரதில்லை?" என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். "பஸ்ல கூட்டமாம்" என்று நீ சொன்னாய். கிழக்கேகோட்டையில் பஸ்ஸில் கூட்டம் இருப்பது புதிய செய்தி அல்ல. ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். அவள் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு பெருந்தன்மையில் சொன்னேன், "இப்போதான் நேரம் இருக்கே, அந்தக் கதையை மறுபடி எழுதலாமே." கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "அது முடிஞ்சுதே. முடிஞ்சதுனாலதானே பூஜைல வெச்சேன்." நாவல் முடிந்திருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது இந்த மூன்று வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மீதி புரியாது. உன் செய்தி வந்ததும் உண்மையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பூஞ்சை என்று சொன்னோம், அந்த ஆள் பிரித்துப் பார்க்கும்போது பூஞ்சை இருக்க வேண்டும் என்று தோன்றியது. டிஸ்க்கை எடுத்துக் குளியலறை ஜன்னல் விளிம்பில், ஈரத்துணி சுற்றி வைத்தேன். எழுபத்து நான்கு வயதில், மனைவிக்கு வருஷாப்திகம் முடித்த மாதத்தில், ஒரு மனிதன் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டுப் பூஞ்சை வந்திருக்கிறதா என்று பார்க்கிறான். வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆணியில் தொங்கிய என் பெல்ட் நாலே நாளில் பச்சையாகிவிட்டது. சுவரில் வந்தது, சீப்பில் வந்தது. டிஸ்க்கில் வரவில்லை. பெட்டி மூடியிருப்பதால்தான் ஈரம் உள்ளே போகவில்லை என்று எண்ணி, பதினேழாம் நாள் பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த அட்டைத் தாளையும் உருவினேன். தாளுக்குப் பின்னாலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டு விழுந்தது.

அது ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் சீட்டு. பழவங்காடியில் என் கடைக்கு நாலு கட்டடம் தள்ளி முன்பு ஒரு மாடியில் இருந்ததே, அந்தக் கடை. வாடிக்கையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். பழுது என்ற இடத்தில், பூஞ்சை. பரிசோதித்தவரின் குறிப்பு என்ற இடத்தில் ஒரு அவசரக் கையெழுத்து: பூஞ்சை இல்லை, டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது, காலி, முழு ஃபார்மட் செய்யப்பட்டது. ஃபார்மட் செய்த நாளையும் பரிசோதித்த பையன் பொறுப்பாகக் குறித்திருந்தான். விஜயதசமி. சீட்டின் தேதி, நான் டிஸ்க்கை அவள் கையில் கொடுத்த மூன்றாம் நாள்.

கடைசிவரை, இருபது வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டில் அம்மாவுக்கு ஒரு வாடிக்கைப் பேச்சு இருந்தது. கரண்ட் பில்லைக் கட்ட மறந்தேன், "பூஞ்சை பிடிச்சிருக்கும், பாவம்" என்றாள். உன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, "அப்பாவோட டயரிக்குப் பூஞ்சை பிடிச்சுடுத்துடா" என்று உன்னிடம் சொன்னாள். அவளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை, மழை விடட்டும் என்று நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டபோதும் அதையேதான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய். மார்க் குறைந்தால் "பூஞ்சைம்மா" என்பாய், நாம் மூன்று பேரும் சிரிப்போம். அது நம் வீட்டு ஹாஸ்யம் என்று நான் வெளியாட்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்த ஹாஸ்யம் நம்மில் யாருக்குப் புரிந்தது என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். புரிந்தது ஒருத்திக்குத்தான், அது நான் இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு வெளியிலேயே நின்றிருக்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம், நீ கேன்டீனுக்குப் போயிருந்தபோது, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். மருந்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஒண்ணும் இல்லை, எல்லாம் சரியாயிடும்னு டாக்டர் சொன்னார்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவள் "சரி" என்றாள். முன்பு ஒரு தடவை சொன்ன அதே சரி.

கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பிள்ளைக்கு அப்பா நாலு வார்த்தை எழுதவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்த யோக்யதை இல்லை என்பதை மேலே விவரமாக நிறுவியிருக்கிறேன். இருந்தாலும் என்னிடம் மிச்சமிருப்பதைச் சொல்கிறேன். அந்தப் பெண் பக்கத்து அறையிலிருந்து ஏதாவது சொன்னால் "உம்" என்று சொல்லாதே. எழுந்து போய் என்ன என்று கேள். அவள் எழுதுகிறாள், வரைகிறாள் என்றால், சீசன் முடிய வேண்டாம், அன்றைக்கே பார். அவளுடைய பொருளுக்கு வீட்டில் எங்கே இடம் என்று நீ விதி போடாதே. தப்பு நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்தும் பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்து, டிஸ்க் கெட்டுப்போகட்டும். இதெல்லாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்ற நிலையில் நீ இல்லை என்று நம்புகிறேன். ஆனால் நீ என் பிள்ளையும்தான். "விடுங்கோப்பா" என்று நீ சொல்லும் அழகை நான் கேட்டிருக்கிறேன்.

புத்தகம் வராது. தாம்பூலப் பையில் தேங்காயே இருக்கட்டும். டிஸ்க்கை அந்த ஆளிடம் கொடுத்துப் பார்ப்பதென்றால் கொடு, நான் தடுக்கமாட்டேன். என்னை நம்பவேண்டும் என்று உன்னிடம் கேட்கும் இடத்தில் நான் இல்லை. சீட்டில் உள்ளதையே அவரும் சொல்வார். சீட்டை அனுப்பவில்லை. அது எனக்கு வந்தது. அவள் எனக்குக் கொடுக்க வைத்திருந்த ஒரே கடிதம் அதுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன். அட்டைப்படம் வரைந்த பெண்ணிடம் நீயே எப்படியாவது சொல்லிவிடு. பூஞ்சை என்று மட்டும் சொல்லாதே.

இன்னும் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை நான் கல்லாற்றுக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே. அந்தக் கதையில் இறங்கினவள் அங்கே என்னதான் செய்திருப்பாள் என்பதைப் போய்ப் பார்த்தாலாவது தெரியும் என்று நினைத்திருக்கலாம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரை தாண்டி, இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்து போனேன். இறங்கியது நான் ஒருவன்தான். மழை விட்டிருந்தது. ஆறு கலங்கிச் சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "பொன்முடிக்கா சாரே? மேலே மண் சரிஞ்சு கிடக்கு, இன்னைக்கு விடமாட்டாங்க" என்றார். "இல்லை, இங்கேதான் வந்தேன்" என்றேன். "இங்கேயா? இங்கே எந்தா சாரே இருக்கு பாக்க?" என்று கேட்டார். அவளிடம் நான் கேட்ட கேள்வி. அவளிடம் அதற்கு முந்நூறு பக்கமோ என்னவோ பதில் இருந்தது. டீ குடித்தேன், ஆற்றைப் பார்த்தேன், ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு ஒரு நாய் தாவுவதைப் பார்த்தேன். இதில் எதைப் பார்த்து அவள் மூன்று வருடம் எழுதினாள் என்று கடைசிவரை தெரியவில்லை. உனக்கு ஒருவேளை தெரியலாம். நீ அவள் பிள்ளையும்தான். எனக்கு அங்கே தெரிந்தது ஒன்றே ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும், கால் தரையில் சரியாகப் பாவுவதற்கு முன்பே, திரும்பிக் கண்டக்டரைப் பார்த்து நான் முதல் வேலையாகக் கேட்டிருந்தேன், திருவனந்தபுரத்துக்குத் திரும்பிப் போகும் பஸ் எப்போது என்று. ஒன்றரை மணிக்கூர் ஆகும் என்றார். சரியாக ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. ஏறி வந்துவிட்டேன்.

அப்பா